ஸ்டார்ட்டில் வைத்துக் காட்டும் ஹார்லியா? கொஞ்சம் பொறுங்கள்

கொழும்பில் பழைய ஹார்லி டேவிட்சன் டூரிங் பைக் (நெடுந்தூரம் ஓட்டுகிற பெரிய மோட்டார் சைக்கிள்) விற்பனைக்கு வருவதே அபூர்வம். வந்தால் நாலு பேர் போட்டி போடுவார்கள். அந்த அவசரத்தை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள். தெஹிவளைப் பக்கம் வீட்டுக் கராஜில் வைத்து விற்கும் ஒருவரிடம் நான் மாட்டினேன். முறைப்பாடு பொலிஸில் கிடக்கிறபடியால் பெயர் போடவில்லை. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன், இது தெரிந்தால் போதும்.

பைக் 2009 எலக்ட்ரா கிளைட் அல்ட்ரா கிளாசிக். 1584 சிசி, பெற்றோல் நிரப்பினால் 400 கிலோ அளவு வரும். நான் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் தம்பி சூடாக்கி வச்சிருக்கிறன்" என்றார். மரைன் டிரைவில் ஒரு சுற்று ஓட்டினேன், அவர் பின்னால் ஏறிக்கொண்டார். திரும்பி வந்து நிறுத்தும்போது திறப்பில் கைவைக்கப் போனேன். "அதை விடுங்கோ, இதாலதான் நிப்பாட்டுறது" என்று ஹேண்டில்பாரில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சைத் தட்டினார். எஞ்சின் நின்றது, ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தது. காசு எண்ணி, பேப்பரில் கையெழுத்து வைத்து முடிய, அதே ஸ்விட்சைத் திரும்பத் தட்டி ஸ்டார்ட் பண்ணித் தந்தார். கையில் இரண்டு திறப்பும் தந்தார். எல்லாம் சரி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

விஷயம் என்னவென்றால், இந்த பைக்கில் திறப்பு வேறு, ரிமோட் வேறு. திறப்பு, இக்னிஷன் ஸ்விட்சையும் ஹேண்டில் லொக்கையும் திறக்கும், அவ்வளவுதான். செக்யூரிட்டி சிஸ்டம் தேடுவது ரிமோட்டை. அது சட்டைப் பையில் கிடந்தாலே போதும், பட்டன் அமத்தத் தேவையில்லை. இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் அசையாது. ரிமோட் தொலைந்தவர்களுக்கு என்று ஒரு பின்கதவும் உண்டு: ஐந்து இலக்க ரகசிய எண்ணை சிக்னல் ஸ்விட்சுகளால் அடித்துச் சிஸ்டத்தை நிறுத்தலாம். ஆனால் திறப்பை ஓஃப் பண்ணிச் சில விநாடியில் அது திரும்பவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். சிவப்பு ஸ்விட்சால் எஞ்சினை மட்டும் நிறுத்தினால் பூட்டாது. மனுசன் நான் வர முதலே எண்ணை அடித்துவிட்டு, கடைசி வரைக்கும் திறப்பை ஓஃப் பண்ண விடவில்லை. ஒருவகையில் கெட்டிக்காரன்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கொண்டுவந்து விட்டேன். அடுத்த நாள் காலை பைக்கை நிமிர்த்தியதுதான் தாமதம், சிக்னல் நாலும் மின்னி, சைரன் அலறத் தொடங்கியது. பெட்டரி வயரைக் கழற்றினால் நிற்கும் என்று வாட்ச்மேன் ஐயா யோசனை சொன்னார், கழற்றினோம். அந்தச் சைரனுக்கு உள்ளேயே தனி பெட்டரி இருக்கிறது. வயரைக் கழற்றினால் களவு என்று நினைத்து இன்னும் கத்தும். மூன்றாம் மாடி அன்ரி பூசையை விட்டுவிட்டு இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விற்றவருக்குக் கோல் எடுத்தேன். "ரிமோட் முதல் ஓனரிட்ட தம்பி, அவர் இப்ப கனடாவில" என்றார். அப்படியென்றால் அந்த எண்ணைச் சொல்லுங்கள் அண்ண என்றேன். பேச்சு மாறியது. பிறகு வட்ஸ்அப்பில் செய்தி வந்தது: எண்ணுக்கு ஒன்றரை லட்சம். என் பைக்கை நான் ஓட்ட எனக்கே கப்பம்!

எண்ணை நாமே அடித்துப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒவ்வொரு இலக்கமும் 1 முதல் 9 வரை, ஆகவே 59,049 சேர்க்கைகள். மூன்று தரம் பிழைத்தால் இரண்டு நிமிடம் சிஸ்டம் காது கொடுக்காது. அந்தக் காத்திருப்பு மட்டுமே, கடைசி எண் வரைக்கும் போனால், இராப்பகலாக 27 நாள். வேண்டாம்.

பஞ்சிகாவத்தையில் ஒருவர் வயரை வெட்டி, செக்யூரிட்டியைத் தாண்டி 'டிரெக்ட்' பண்ணித் தருவதாகச் சொன்னார். தயவுசெய்து யாரும் அப்படி வெட்ட விடாதீர்கள். சிக்னல் லைட்டை இயக்குவதும், பைக் சரிந்து விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற சென்ஸரும் செக்யூரிட்டி சிஸ்டத்தின் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதோடு அந்தப் பெட்டி எஞ்சின் கம்பியூட்டரோடு பாஸ்வேர்ட் வைத்துப் பேசுகிறது. நல்ல மெக்கானிக் ஒருவர் சொன்னது: டீலர்மார் பாவிக்கிற டயக்னொஸ்டிக் கருவியைப் பூட்டிப் புது ரிமோட்டைப் பதிய வேண்டும், அதற்கு பைக் உங்களுடையது என்ற அத்தாட்சியும் வேண்டும். இணையத்தில் ஏதோ ஒரு ரிமோட்டை வாங்கிப் பையில் போட்டால் ஒன்றும் நடக்காது.

ரிமோட் இல்லாத பைக் என்றால் களவு பைக்கோ என்ற பயமும் வரும். நல்லகாலம், ஸ்டியரிங் தலையின் வலப்பக்கம் அடித்திருக்கும் 17 எழுத்து செஸி நம்பர் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தியது. நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரித்துவிட்டேன், சுத்தம். அந்த அளவில் நிம்மதி.

பார்க்கப் போகிறவர்கள் ஸ்பீடோமீட்டரில் திறப்புப் படம் போட்ட சின்ன லைட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செக்யூரிட்டி இருக்கிறது. திறப்பை ஓஃப் பண்ணச் சொல்லி, அதையும் ரிமோட்டையும் கையில் வாங்கி, ஒரு நிமிடம் விடுங்கள். விற்பவரை ஒழுங்கை முனைவரை நடந்துபோகச் சொல்லுங்கள், வேறொரு ரிமோட் அவர் பையில் இருந்தாலும் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. பிறகு நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். "ரிமோட் இருக்கு, பெட்டரிதான் போயிட்டுது" என்பார்கள். சிஆர் 2032 என்ற பட்டன் பெட்டரிதான் அது, புறக்கோட்டையில் மணிக்கூட்டுக் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொண்டே போங்கள். ரகசிய எண்ணைக் குறித்து வைக்கிற அட்டை ஓனர் மெனுவலில் வரும், அதையும் கேளுங்கள்.

பொலிஸில் அவர் சொன்னது, "ஓடுற பைக்கைத்தான் குடுத்தன், பிறகு என்ன செய்தாரோ தெரியாது." பிறகு அந்த ஒன்றரை லட்சச் செய்தியைக் காட்டினேன், ஆள் அடங்கினார். அவர் வியாபாரமாக விற்கிறவர் என்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும், 1977 என்ற இலக்கத்தில், அறிவித்திருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை. பைக் கவர் போட்டபடி நிற்கிறது.

தெஹிவளை, கல்கிசைப் பக்கம் யாராவது இதே மாதிரி ரிமோட் இல்லாமல் டூரிங் பைக் வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். இன்னொரு முறைப்பாடும் சேர்ந்தால் விசாரணைக்குப் பலம் என்று பொலிஸில் சொன்னார்கள். வட்ஸ்அப் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.