யுடைஸ் பிளஸ்: எதற்கு நம்பலாம், எங்கே காலை வாரும்

ஆசிரியர் பணியிடம், கழிப்பறைப் பழுது, இடைநிற்றல் மூன்றையும் ஒரே தளத்தில் பார்த்து முடிவெடுக்க விரும்பும் கல்வி அலுவலருக்கு, நாடு முழுவதும் பள்ளி விவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் (UDISE+) கைகொடுக்கும், முதல் இரண்டுக்கு மட்டும்.

கட்டட விவரத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. கழிப்பறைக்கு மொத்தம் எத்தனை, பயன்பாட்டில் எத்தனை என்று தனித்தனியே கேட்கிறது. மொத்தம் பூஜ்யமா, புதிதாகக் கட்ட நிதி. மொத்தம் 4, பயன்பாட்டில் 1 என்றால் பழுதுபார்க்க நிதி. அவசரத்தில் மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவது பள்ளியைக் கோட்டைவிடுவார். பதிவிடுவது தலைமை ஆசிரியர்தான், ஆகவே பணம் ஒதுக்குமுன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

ஆசிரியர் பணி நிரவலுக்கு, அதாவது மிகுதியுள்ள பள்ளியிலிருந்து குறைவுள்ள பள்ளிக்கு ஆசிரியரை மாற்ற, ஊராட்சி ஒன்றியச் சராசரியை எடுத்தால் போச்சு. ஒரு தொடக்கப் பள்ளியில் 20 பிள்ளைகள், 2 ஆசிரியர். பக்கத்து ஊரில் 110 பிள்ளைகள், 3 ஆசிரியர் என்று வையுங்கள். சேர்த்துப் பார்த்தால் 26 பேருக்கு ஒருவர், 30 பேருக்கு ஒருவர் என்ற வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்ட அட்டவணையோ 60 வரை 2, 91 முதல் 120 வரை 4 என்கிறது. இரண்டாவது பள்ளிக்கு ஓர் ஆள் குறைவு. முதல் பள்ளியிலிருந்து எடுக்கவும் வழியில்லை. பள்ளிவாரிப் பட்டியலை எக்செலில் இறக்கி, தேவை, இருப்பு, வித்தியாசம் என மூன்று பத்தி போட்டால் இது ஐந்து நிமிடத்தில் கண்ணில் படும். தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 நிலவரம், யுடைஸுக்கு செப்டம்பர் 30. மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் உள்ள எண்ணிக்கையும் யுடைஸ் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று தலைமை ஆசிரியருக்கு மெமோ கொடுக்குமுன் தேதியைப் பாருங்கள்.

இடைநிற்றல் பக்கம்தான் வழுக்கும். பள்ளி மாறும் மாணவர் ‘டிராப்பாக்ஸ்’ என்ற பட்டியலுக்குப் போகிறார். புதிய பள்ளி அவரது நிரந்தரக் கல்வி எண்ணைக் கொண்டு இழுத்துக்கொள்ளும் வரை எந்தப் பள்ளிக் கணக்கிலும் இல்லை. எண் தெரியாமல் புதுப் பதிவு போட்டாலோ, அதே பிள்ளை ஓரிடத்தில் படிக்கிறார், இன்னோரிடத்தில் நின்றுவிட்டார்! மாற்றுச் சான்றிதழில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தாலே பாதி தலைவலி தீரும். ஜூன், ஜூலையில் டிராப்பாக்ஸ் எண்ணிக்கையை வைத்து வீடுவீடாக ஆள் அனுப்புவது வீண் வேலை. சேர்க்கை அடங்கியபின் மிஞ்சும் பெயர்களைத் தேடுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். நாடு முழுவதும் சேர்க்கை 2021-22இல் சுமார் 26.5 கோடி, 2022-23இல் சுமார் 25.2 கோடி. அந்த ஆண்டில்தான் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு மாணவராகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். எண்ணும் முறையே மாறியபின் அந்தச் சரிவைக் காட்டிப் பள்ளியை மூடப் பரிந்துரைப்பது அபத்தம்.

பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. அதற்கு, கற்றதைச் சோதிக்கும் அடைவுத் தேர்வின் முடிவைத் தனியே எடுத்து, 11 இலக்க யுடைஸ் குறியீட்டை வைத்து இணைத்துக்கொள்ளலாம். கோப்பை எக்செலில் இறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வடிவம் (Text) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 0-வில் தொடங்கும் மாநிலக் குறியீடுகளில் எக்செல் முதல் இலக்கத்தை விழுங்கிவிடும்.