பிட்வார்டன்: காசு கட்டாமலே குடும்பத்துக்கே இன்ஸ்டால் பண்ணிக் குடுக்கலாம்

நம்ம பாஸ்வர்ட் எல்லாத்தையும் ஒரே எடத்துல பூட்டி வச்சுக்கற ஆப்தான் பாஸ்வர்ட் மேனேஜர். அதுல எது நல்லதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்றது பிட்வார்டன் தான். ஃப்ரீ வெர்ஷன்லயே எத்தன பாஸ்வர்ட் வேணும்னாலும் வச்சுக்கலாம், ஃபோன், லேப்டாப், டேப்லட்னு எத்தன டிவைஸ்ல வேணும்னாலும் திறக்கலாம், மத்த ஆப் பலதுல இந்த எடத்துலதான் காசு கேப்பாங்க. 2016ல வந்தது, ஓப்பன் சோர்ஸ், உள்ள என்ன எழுதிருக்காங்கன்னு தெரிஞ்சவங்க யாரும் பிரிச்சுப் பாக்கலாம். நம்ம பாஸ்வர்டெல்லாம் நம்ம ஃபோன்லயே பூட்டி அதுக்கப்புறம்தான் அவங்க சர்வருக்குப் போகுது, சாவி அவங்ககிட்ட கெடையாது.

நம்ம மலேசியாவுல இது எவ்ளோ தேவைன்னு சுத்தி இருக்கறவங்கள பாத்தாலே தெரியும். கோலாலம்பூர் செந்தூல்ல எங்க சொந்தக்காரங்க நெறைய பேருக்கு பாஸ்வர்ட்னா கார் நம்பர், இல்லன்னா ஐசி (அடையாள அட்டை) நம்பரோட முதல் ஆறு எண். அந்த ஆறும் பொறந்த தேதிதான, ஃபேஸ்புக்ல ஹேப்பி பர்த்டே போட்ட அத்தன பேருக்கும் தெரியும், காரோ வாசல்லயே நிக்குது. 2017ல 4 கோடியே 62 லட்சம் மலேசிய ஃபோன் நம்பருங்க விவரத்தோட வெளிய போச்சுன்னு லோயாட் டாட் நெட்ங்கற டெக் சைட்ல வந்துச்சு, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி விவரத்த வச்சு யூகிக்கிற பாஸ்வர்டெல்லாம் இனிமே பாஸ்வர்டே இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஞாபகம் வச்சுக்கறது கூட இல்ல, போலி சைட்ல இது வாயே திறக்காது பாருங்க, அதுதான். பேங்க் சைட் மாதிரியே கலர், லோகோ எல்லாம் போட்டு ஒரு லிங்க் வாட்ஸப்ல வருது, அட்ரஸ்ல நடுவுல ஒரு சின்ன கோடு மட்டும் அதிகமா இருக்கும், அவசரத்துல நம்ம கண்ணுக்கு அது படாது. அசல் சைட்ல பாஸ்வர்ட் கட்டத்த தொட்டா கீபோர்டுக்கு மேல நம்ம யூசர்நேம் வந்து நிக்கும், போலில தொட்டா ஒண்ணுமே வராது, ஏன்னா நம்ம சேவ் பண்ண அட்ரஸ் அது இல்ல. அப்பாகிட்ட நான் சொல்லி வச்சது ஒரே விஷயம்: "பேரு வரலைன்னா கையால டைப் பண்ணாதீங்கப்பா, எனக்கு ஒரு கால் போடுங்க." அவருக்கு என்கிரிப்ஷன் பத்தியெல்லாம் பாடம் எடுக்கத் தேவையே இல்லாம போச்சு.

இப்ப மாஸ்டர் பாஸ்வர்ட், அதாவது பிட்வார்டனயே திறக்கற அந்த ஒரு பாஸ்வர்ட். இத மறந்தா பிட்வார்டன் கம்பெனியாலயும் மீட்டுத் தர முடியாது, அதான் எல்லாரும் பயப்படுறாங்க. கொறஞ்சது 12 எழுத்து கேக்கும். ஆனா ஒரு பெரிய எழுத்து, ஒரு நம்பர், கடைசில ஒரு ஆச்சரியக்குறின்னு போடறத விட சம்பந்தமே இல்லாத அஞ்சு சொல்லு வரிசையா வச்சா பலமும் அதிகம், மனசுலயும் நிக்கும். லோரி, புளி, ஆமை, சட்டை, மின்னல் மாதிரி (இதையே எடுத்துப் போட்றாதீங்க). பாட்டு வரி, பழமொழி, சாமி பேரு வேண்டாம், அதெல்லாம் திருடனுக்கும் தெரியும். அமெரிக்காவுல பாஸ்வர்ட் விதி எழுதுற நிஸ்ட் கூட 2017லயே நீளம்தான் முக்கியம், சும்மா மாசத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்லாதீங்கன்னு சொல்லிருச்சு, இங்க சில ஆபிஸ்ல இன்னும் மாத்தச் சொல்லிட்டு இருக்காங்க. 2022ல லாஸ்ட்பாஸ்ங்கற இன்னொரு பாஸ்வர்ட் மேனேஜர்ல பூட்டி வச்ச பெட்டகத்தோட காப்பியவே தூக்கிட்டுப் போனாங்களே, அந்த மாதிரி ஆனா நமக்கும் திருடனுக்கும் நடுவுல நிக்கறது இந்த ஒரு மாஸ்டர் பாஸ்வர்ட் மட்டும்தான்.

யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சுக்கோங்க. டூ ஃபேக்டர் (பாஸ்வர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்கற வசதி) போடாதவங்க புது ஃபோன்ல உள்ள போனா ஈமெயிலுக்கு கோட் அனுப்புது. அந்த ஈமெயிலோட பாஸ்வர்ட் பிட்வார்டன் உள்ள மட்டும்தான் இருக்குன்னா அவ்ளோதான், ரெண்டு பக்கமும் பூட்டிக்கும். அதனால அந்த கோட ஃபோன்லயே காட்டற ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்க, ஃப்ரீதான், ஃபோன் தொலைஞ்சா உதவற ரிக்கவரி கோட பேப்பர்ல எழுதி வீட்டு கிராண்ட் (வீட்டுப் பத்திரம்), இன்சூரன்ஸ் பேப்பர் இருக்குற கவர்லயே வைங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல அக்காவுக்கு ஒரு துணிக்கடை. கடையோட ஃபேஸ்புக், ஷாப்பீ பாஸ்வர்ட் என்னன்னு கேட்டா "டேய் தம்பி, அதான் வாட்ஸப் குரூப்லயே பின் பண்ணி வச்சிருக்கேனே"ன்னாங்க, வேலைய விட்டுப் போன பொண்ணு கூட அந்த குரூப்ல இன்னும் இருக்கு. ரெண்டு பேர் சேந்து பாஸ்வர்ட் பகிர்ந்துக்க பிட்வார்டன்ல ஃப்ரீயாவே வசதி இருக்கு, அக்காவும் மாமாவும் இப்ப அதுலதான், ரெண்டு பாஸ்வர்டையும் புதுசா மாத்தியாச்சு. மூணாவது ஆள் வேணும்னா காசு கட்டணும்.

குறை இல்லாம இல்ல. ஆண்ட்ராய்டுல சில ஆப்ல பேரு மேல வரவே வராது, காப்பி பண்ணி ஒட்டணும், ஒரு பேங்க் ஆப் அதையும் விட மாட்டேங்குது, இருவது எழுத்த கையால அடிக்க வேண்டியிருக்கு, அந்த பேங்க் யார நெனச்சு இப்படி செஞ்சுதுன்னு தெரியல. நமக்கு ஏதாச்சும் ஆனா வீட்டாளு திறக்கறதுக்கான எமர்ஜென்சி ஆக்சஸ் காசு கட்டற ப்ரீமியம்ல மட்டும்தான், குடும்பஸ்தங்களுக்கு அது ஒண்ணுக்காகவே கட்டலாம்னு நான் சொல்வேன். அப்புறம் வயசானவங்க. எங்க அம்மா 555 புக்ல (கடைல கணக்கு எழுதற சின்ன நோட்டு) எழுதி வச்சிருக்காங்க, நான் தடுக்கல. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பாஸ்வர்ட் எழுதின புக்கு அலமாரில இருக்கறது, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வர்ட மனசுல வச்சிருக்கறத விட எவ்வளவோ மேல்.

ஒண்ணு மட்டும் எதிர்பாக்காதீங்க. கல்யாண பத்திரிகைன்னு வாட்ஸப்ல வர்ற ஏபிகே ஃபைல (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) நீங்களே இன்ஸ்டால் பண்ணா எந்த பாஸ்வர்ட் மேனேஜரும் காப்பாத்தாது. அப்படி பணம் போச்சுன்னா யோசிச்சுட்டு இருக்காம உடனே 997க்கும் உங்க பேங்குக்கும் அடிங்க, மலேசியாவோட இந்த 997 லைன் 2022லேர்ந்து இதுக்குன்னே இருக்கு. பிட்வார்டன் புதுசா போடறவங்க மொதல்ல ஈமெயில் பாஸ்வர்ட மாத்திட்டு அப்புறம் பேங்க், ஈவாலட்னு வாங்க, ஈமெயில் திருடன் கைக்குப் போயிட்டா மத்த எல்லாத்தையும் அதுலேர்ந்தே ரீசெட் பண்ணிருவாங்க.