ஹோல்ட் விளக்கை நம்பி உட்கார வேண்டாம்: வீடியோ போக்கரில் நான் ஏமாந்த விதம்

டெக்சாஸ் மாநிலத்தில் லாஸ் வேகாஸ் போன்ற கேசினோக்களுக்குச் சட்டம் இடம் தராததால், டாலஸ் பகுதியில் வசிக்கும் நம்மவர்களில் சிலர் வார இறுதியில் ஒன்றரை மணி நேரம் காரோட்டி, எல்லைக்கு அப்பால் ஓக்லஹோமாவில் பழங்குடி அரசுகள் நடத்தும் விடுதிகளுக்குப் போய்வருகிறோம். அப்படி ஒரு விடுதியில் நான்கு முறை வீடியோ போக்கர் ஆடி 640 டாலரை இழந்தேன். சூதாட்டத்தில் பணம் போகும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. இந்தத் தொகைக்கு மேல் இழக்கக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் எந்த ஆட்டத்தை ஆடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாதபடி அந்த இயந்திரம் அமைந்திருந்தது. அந்தக் குறையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ போக்கரில் திரையில் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியவற்றுக்குக் கீழே உள்ள ஹோல்ட் பொத்தானை அழுத்தி நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கழித்தால் புதிய சீட்டுகள் வரும். கடைசியில் கையில் நிற்கும் ஐந்து சீட்டுகளைப் பொறுத்துப் பரிசு கிடைக்கும். எதை நிறுத்துவது, எதைக் கழிப்பது என்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது. ஜாக்கி ஜோடி அல்லது அதற்கு மேல் இருந்தால் பரிசு தரும் ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற வகையில், ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று சீட்டுகளும் ஒரு ஜோடியும்) 9 மடங்கும் ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே சின்னம்) 6 மடங்கும் தரும் இயந்திரத்தில், ஒவ்வொரு முறையும் ஐந்து காசு (ஐந்து பந்தய அலகு) வைத்துப் பிழையின்றி ஆடினால், நீண்ட காலப் போக்கில் வைத்த பணத்தில் 99.54 சதவிகிதம் திரும்பி வரும். கேசினோவில் இவ்வளவு குறைந்த நட்டம் உள்ள ஆட்டம் அரிது என்பதால், நான் இரண்டு மாதம் வீட்டில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, எந்தக் கைக்கு எதை நிறுத்த வேண்டும் என்பதை மனப்பாடம் செய்தேன்.

அந்த விடுதியில் நான் உட்கார்ந்த இயந்திரத்தின் பரிசுப் பட்டியலில் அதே 9, அதே 6 இருந்தன. சீட்டுகள் விழுந்தவுடன் இயந்திரமே சிலவற்றின் கீழ் ஹோல்ட் விளக்கை எரியவிட்டது. சந்தேகப்பட்டு அங்கிருந்த பணியாளரிடம் கேட்டபோது, புதியவர்களுக்கு உதவியாக இயந்திரம் சிறந்த சீட்டுகளைத் தானே காட்டுகிறது என்றும், விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். உடன் வந்த என் சித்தப்பா மகன், "அண்ணா, அதுவே சொல்லுது, நீங்க ஏன் மண்டைய உடைச்சுக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு விளக்கு காட்டியபடியே ஆடினான். முதல் மூன்று நாட்களும் பெரும்பாலும் நானும் அப்படியே ஆடினேன். விளக்கு காட்டியது என் மனப்பாடத்தோடு ஒத்துப்போனபோதெல்லாம், நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்ற மகிழ்ச்சியில் வேகமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன்.

நான்காவது நாள் எனக்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஆகிய நான்கும், அவற்றோடு இஸ்பேட் ராஜாவும் விழுந்தன. இயந்திரம் இரண்டு ராஜாக்களின் கீழ் மட்டும் விளக்கை எரியவிட்டது. ராஜா ஜோடி ஏற்கெனவே வென்ற கை. வைத்த பணம் திரும்பி வருவது உறுதி. ஆனால் ஆட்டின் ஏஸ் ஒன்று வந்தால் அது ராயல் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் பத்து முதல் ஏஸ் வரை), ஐந்து காசுக்கு 4,000 காசு. 47 சீட்டுகளில் ஒன்றுதான் அந்த ஏஸ் என்றாலும், ஆட்டின் ஒன்பது, மற்ற ஆட்டின் சீட்டுகள், வரிசை சேரும் சீட்டுகள் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டால், இந்த நான்கையும் நிறுத்துவதன் சராசரி மதிப்பு வைத்த பணத்தைப் போல் 19 மடங்குக்கு மேல். ராஜா ஜோடியின் மதிப்போ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனால் இஸ்பேட் ராஜாவின் விளக்கை அணைத்துவிட்டு, நான்கு ஆட்டின் சீட்டுகளையும் நிறுத்தி அழுத்தினேன்.

வந்தது கிளாவர் நாலு. எதுவும் சேரவில்லை, தோற்ற கை. அடுத்த நொடியில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு கார்ட்டூன் பொம்மை வந்து, அந்த நாலைத் தட்டி ராஜாவாக மாற்றியது. ஐந்து காசு என் கணக்கில் ஏறியது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் என் அதிர்ஷ்டத்தைப் பாராட்டினார். எனக்கோ கை ஓடவில்லை. நான் கழித்த ஜோடிக்கு உரிய பணத்தை இயந்திரம் ஏன் தர வேண்டும்? நான் எதை நிறுத்தினாலும் அந்த ஐந்து காசுதான் வரும் என்று முன்பே முடிவாகியிருந்தால் அல்லவா இது நடக்கும்?

மேற்பார்வையாளரை அழைத்துக் கேட்டேன். அவர் திரையின் மூலையில் தபால்தலை அளவில் இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். அது பிங்கோ அட்டை. குலுக்கலில் வரும் எண்கள் அட்டையில் உள்ள எண்களோடு பொருந்தினால் வெல்லும் ஆட்டம் அது. நான் ஆடியது பிங்கோ. சீட்டுகள் அதன் முடிவைக் காட்டும் படம் மட்டுமே.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. 1988ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பழங்குடி நிலங்களில் நடக்கும் சூதாட்டத்தை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. பிங்கோ இரண்டாம் வகுப்பு. அதற்கு மாநில அரசோடு ஒப்பந்தம் தேவையில்லை. லாஸ் வேகாஸில் உள்ளவை போன்ற இயந்திரங்கள் மூன்றாம் வகுப்பு. அவற்றுக்கு ஒப்பந்தம் வேண்டும். ஓக்லஹோமாவில் இரண்டு வகைகளும் இருக்கின்றன. இரண்டாம் வகுப்பு இயந்திரத்தில், அதே நேரத்தில் பொத்தானை அழுத்தும் மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்த்து உங்களுக்கு ஒரு பிங்கோ ஆட்டம் நடந்து, பரிசு முடிவாகி, அதற்கேற்பச் சீட்டுகள் காட்டப்படுகின்றன. எனவே 9, 6 என்ற பட்டியலை வைத்து 99.54 சதவிகிதம் என்று கணக்கிட அங்கே வழியே இல்லை. இது சட்டப்படி சரியானது என்பதை ஏற்கிறேன். ஆனால் சீட்டைத் தேர்ந்தெடுக்க உதவுகிறேன் என்று விளக்கெரித்துக் காட்டுவதும், அதைச் சிறந்த ஆலோசனை என்று பணியாளர் சொல்வதும், இல்லாத தேர்வை இருப்பதாக நம்பவைக்கின்றன. நான் நம்பினேன்.

உண்மையான சீட்டாட்ட இயந்திரங்களிலும் இந்த விளக்கை அப்படியே பின்பற்றாதீர்கள். நெவாடா மாநிலத்தில், திரையில் சீட்டு காட்டும் இயந்திரம் உண்மையான 52 சீட்டுக் கட்டின் வாய்ப்புகளையே தர வேண்டும் என்பது விதி. எனவே அங்கே உங்கள் தேர்வுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சில இயந்திரங்கள் ஏற்கெனவே வென்ற சீட்டுகளை மட்டுமே பிடித்து வைக்கும். நான் மேலே சொன்ன கையில் ராஜா ஜோடியை நிறுத்தும் இயந்திரத்தை அப்படியே விட்டால், இழப்பு முழுவதும் உங்களுடையது.

விளக்கு செய்யும் இன்னொரு தீங்கு வேகம். யோசிக்க வேண்டாம் என்றானதும் ஒரு மணி நேரத்தில் 600 கைகள் ஆடுவது எளிது. 25 சென்ட் வீதம் ஐந்து காசு வைத்தால் அது 750 டாலர். ஃபுல் ஹவுஸுக்கு 6, ஃப்ளஷுக்கு 5 மட்டும் தரும் இயந்திரத்தில் பிழையின்றி ஆடினாலும் திரும்புவது 95 சதவிகிதமே. அதாவது மணிக்குச் சராசரியாக 37 டாலருக்கு மேல் நட்டம். அதே வேகத்தில் நல்ல இயந்திரத்தில் நட்டம் மூன்றரை டாலர் அளவில் இருக்கும்.

ஆகவே பணத்தைச் செருகும் முன் திரை முழுவதையும், இயந்திரத்தின் உடலில் ஒட்டியுள்ள சிறு எழுத்துகளையும் பாருங்கள். பிங்கோ என்ற சொல்லோ, கட்டம் போட்ட சிறு அட்டையோ எங்காவது இருந்தால் அது சீட்டாட்டம் அல்ல. பணியாளரிடம் கேட்பதானால், சிறந்த சீட்டைக் காட்டுமா என்று என்னைப் போல் கேட்காமல், இது இரண்டாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்று கேளுங்கள்.

விடுதியை மேற்பார்வையிடும் பழங்குடி அரசின் சூதாட்ட ஆணையத்துக்கு, நாள், நேரம், இயந்திர எண் ஆகியவற்றைக் குறித்து எழுதினேன். இயந்திரம் அங்கீகரிக்கப்பட்டபடியே இயங்கியது என்று பதில் வந்தது. பணியாளர் எனக்குச் சொன்ன விளக்கத்தைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வரியும் இல்லை. அதை மட்டும் குறிப்பிட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன்.