முகப்பருவுக்கு "ஆய்வில் நிரூபிக்கப்பட்ட இயற்கை கிட்" வாங்கப் போறீங்களா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

என் அரை மாதச் சம்பளம் போச்சு. முகமும் போச்சு. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது"ன்னு இன்னைக்குக் காலையில மெயில் அனுப்பியிருக்காங்க. யார் முடிச்சு வச்சா? எனக்கு எதுவும் முடியல. கோவம் ஆறுறதுக்குள்ள எழுதுறேன், அதனால எழுத்து முன்னப்பின்ன இருக்கலாம்.

பேரைச் சொல்லல. முகப்பருவுக்கு இயற்கைப் பொருள் மட்டுமே விக்கிறதா சொல்லிக்கிற ஒரு ஆன்லைன் கடை. இதே மாதிரி நிறைய இருக்கு. பேரைச் சொன்னா அந்த ஒண்ணை மட்டும் ஒதுக்கிட்டு இன்னொண்ணுல போய் மாட்டுவீங்க.

கிட்டுல மூணு பொருள். டீ ட்ரீ ஆயில் (ஒரு ஆஸ்திரேலிய மரத்தோட இலையில இருந்து எடுக்கிற எண்ணெய்) சீரம், ராத்திரி போடுற மூலிகை க்ரீம், "ரத்தத்தைச் சுத்தம் பண்ற" மாத்திரை. தனித்தனியா தரமாட்டாங்க. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு வேலை செய்யாதாம். மூணும் சேர்ந்துதான் அந்த அரை மாதச் சம்பளம்.

எப்படி நம்ப வச்சாங்கன்னு சொல்லணும், ஏன்னா அதுதான் இதுல முக்கியமே. சாட்ல "சரும ஆலோசகர்"னு ஒரு பொண்ணு வந்தாங்க. நேரா, இடது பக்கம், வலது பக்கம்னு போட்டோ கேட்டாங்க. தாடையில அதிகமா, நெத்தியில அதிகமா? மாதவிடாய்க்கு முன்னாடி கூடுதா? முன்னாடி என்னென்ன போட்டீங்க, எது எரிஞ்சுது? அவ்வளவு பொறுமையா என் பருவைப் பத்தி யாரும் கேட்டதில்ல. கேட்டு முடிச்சதும், "நாங்க சும்மா சொல்ற ஆளுங்க இல்ல சிஸ்டர், இதுக்கு ஆராய்ச்சி இருக்கு"ன்னு ஒரு ஆய்வுக் கட்டுரையோட முதல் பக்கத்தை அனுப்பினாங்க.

தேடிப் பார்த்தேன். அந்த ஆய்வு உண்மையானது. 1990ல ஆஸ்திரேலியாவுல நடந்தது. 124 பேரை வச்சு, 5% டீ ட்ரீ ஆயில் ஜெல்லையும் பருவுக்கு வழக்கமா தர்ற மருந்தான 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. ரெண்டுமே பருவைக் குறைச்சுது. டீ ட்ரீ மெதுவாத்தான் வேலை செஞ்சுது, ஆனா எரிச்சலும் வறட்சியும் கம்மி. 2007ல ஈரான்ல 60 பேர்கிட்ட நடந்த இன்னொரு ஆய்வுலயும், மருந்தில்லாத வெறும் ஜெல்லைவிட 5% டீ ட்ரீ ஜெல் நல்லாவே குறைச்சிருக்கு. எல்லாம் உண்மை. அப்படியே நம்பி பணத்தைக் கட்டினேன். பொய்யான ஆய்வைக் காட்டியிருந்தா அங்கேயே வெளிய வந்திருப்பேன். உண்மையான ஆய்வைக் காட்டித்தான் ஏமாத்தினாங்க.

எப்படின்னு பாருங்க. ஆய்வு நடந்தது 5% ஜெல்லுக்கு. என்கிட்ட வந்த சீரம் பாட்டில்ல எத்தனை சதவீதம்னு எங்கயும் போடல. "டீ ட்ரீ எண்ணெய், மூலிகைச் சாறுகள், வாசனை"ன்னு மட்டும் இருந்துச்சு. கேட்டா, "அது எங்க ஃபார்முலா ரகசியம்". அரை சதவீதம் இருந்தாலும் நமக்குத் தெரியாது, இருபது இருந்து தோலைச் சுட்டாலும் தெரியாது. அப்புறம் அந்த க்ரீமுக்கும் மாத்திரைக்கும் ஆய்வு எங்க? ஒண்ணு கூட இல்ல. ஒரு எண்ணெய் மேல நடந்த ஆய்வைக் காட்டி மூணு பொருளைத் தலையில கட்டியிருக்காங்க.

முகப்பருவுக்கான மாற்று வைத்தியங்களை மொத்தமா எடுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுற அமைப்பு) தொகுப்பாய்வு ஒண்ணு 2015ல வந்துது. 35 ஆய்வுகள், மூவாயிரத்துக்கும் மேல ஆட்கள். சர்க்கரையைச் சட்டுனு ஏத்தாத உணவுமுறை, டீ ட்ரீ ஆயில், தேனீ விஷம், இந்த மூணும் பரு எண்ணிக்கையைக் குறைக்கலாம்னு சொல்லுது. அதுவும் தரம் குறைஞ்ச சான்றுதான்னு சேர்த்தே சொல்லுது. மூலிகை மருந்து, அக்குபஞ்சர், கப்பிங் (தோல் மேல கிண்ணம் வச்சு உறிஞ்சுற வைத்தியம்) இதுக்கெல்லாம் முடிவு சொல்ற அளவுக்குச் சான்று இல்ல. இதை அந்த ஆலோசகர் அனுப்பல.

இனி க்ரீம் கதை. போட ஆரம்பிச்சதும் முகம் அவ்வளவு சீக்கிரம் தெளிஞ்சுது. சிவப்பு அடங்கிச்சு, வலிச்ச கட்டியெல்லாம் அமுங்கிச்சு. அந்தச் சந்தோஷத்துல அஞ்சு ஸ்டார் போட்டு, போட்டோவோட விமர்சனமும் எழுதினேன். முதல் டப்பா தீர்ந்து அடுத்தது வர்றதுக்கு தாமதமான இடைவெளியில எல்லாம் வெடிச்சுது. எனக்குப் பருவே வராத இடத்துல, வாயைச் சுத்தி, ரெண்டு கன்னத்துல, எல்லாம் ஒரே அளவு, கடுகு கொட்டினாப்ல சின்னச் சின்னதா சிவந்து நின்னுச்சு. வெறும் தண்ணி பட்டாலே காந்துச்சு.

எழுதிக் கேட்டேன். முதல் பதில்: "கவலைப்படாதீங்க சிஸ்டர், இது பர்ஜிங். உள்ள இருக்கிற நச்சு வெளியேறுது." கேக்கிறப்ப எவ்வளவு ஆறுதலா இருக்கு பாருங்க! பர்ஜிங்னு மருத்துவர்கள் சொல்றது டிரெட்டினாயின், அடாபலீன் மாதிரி ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மருந்து ஆரம்பிச்ச முதல் வாரங்கள்ல வர்றது. தோல் செல் புதுப்பிக்கிற வேகத்தை அது கூட்டுறதால, ஏற்கெனவே உள்ள அடைச்சிருந்த துவாரங்கள் சீக்கிரம் வெளிய தெரியும். எப்பவும் பரு வர்ற இடத்துலதான் வரும். மருந்தை நிறுத்தினப்புறம் புது இடத்துல வராது. நச்சுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்ல. தோல்ல எண்ணெய் அதிகமா சுரக்குது, செத்த செல்கள் துவாரத்தை அடைக்குது, க்யூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ்ங்கிற பாக்டீரியா அங்க பெருகுது, வீங்குது. ரத்தத்தைச் சுத்தம் பண்ண அதுல என்ன இருக்கு?

ரெண்டாவது பதில்: "பால் குடிக்கிறீங்களா? இனிப்பு சாப்பிடுறீங்களா? அதனாலயா இருக்கும்." இது எனக்கு இன்னும் எரிச்சல். உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்குன்னு ஓரளவு சான்று இருக்கு, சரி. விக்கும்போது அதைச் சொல்லலையே? அதுக்குக் காசு வாங்க முடியாது, அதான். பொருள் சொதப்பினப்புறம் பழியை என் தட்டு மேல போடுறதுக்கு மட்டும் அந்தச் சான்று வேணும்.

மூணாவது: "இயற்கைப் பொருளுக்குப் பக்கவிளைவு கிடையாது, அதனால இது எங்க பொருளால வந்ததா இருக்க முடியாது." ரெண்டு தடவை படிச்சேன். டீ ட்ரீ ஆயிலே காத்துபட்டு பழசாச்சுன்னா ஒவ்வாமையைக் கிளப்பும். குடிச்சா விஷம். எலுமிச்சைச் சாறு தோல்ல பட்டு, அதோட வெயில்ல போனா கொப்புளம் வர்ற அளவுக்குப் புண்ணாகலாம். இதெல்லாம் இயற்கைதானே?

கடைசியா தோல் மருத்துவர்கிட்ட போனேன். முகத்தைப் பார்த்ததுமே, "ஏதாவது க்ரீம் போட்டு நிறுத்துனீங்களா?"ன்னு கேட்டார். டப்பாவைக் காட்டினேன். ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாத்தான் சந்தேகப்படுறேன், லேப்ல சோதிச்சாத்தான் உறுதியா சொல்ல முடியும்னார். வீக்கத்தை ஸ்டீராய்டு வேகமா அமுக்கும், அதனால முகம் தெளிஞ்ச மாதிரி தெரியும். நிறுத்தினதும் இன்னும் மோசமா திரும்பும். தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு ரத்தநாளம் வெளிய தெரியும். மூலிகைன்னு வித்த க்ரீம்ல லேபிள்ல சொல்லாத ஸ்டீராய்டு இருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடிச்சிருக்கு. வெளுப்பாக்குற க்ரீம்கள்ல பாதரசமும் பிடிபட்டிருக்கு. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள் மேலயே இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால உரிச்சா, கீழ வேற பேர்ல ஒரு க்ரீம். பேட்ச் எண், தயாரிச்ச தேதி ரெண்டு லேபிள்லயும் இல்ல.

அந்தப் போட்டோவையும் மருத்துவர் எழுதினதையும் சேர்த்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் பிரிச்ச பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை." சீல் பிரிக்காம முகத்துல எப்படிப் போடுறது? மேலதிகாரியைக் கேட்டா, "24 மணி நேரத்தில் தொடர்புகொள்வார்". அவர் இன்னும் தொடர்புகொண்டுக்கிட்டே இருக்கார். ஒரு ஸ்டார் போட்டு நடந்ததை எழுதினேன், அழிச்சுட்டாங்க. முன்னாடி எழுதின அஞ்சு ஸ்டார் மட்டும், என் முகத்தோட, இன்னும் அங்கேயே இருக்கு. அதைப் பார்த்து வேற ஒரு பொண்ணு அரை மாதச் சம்பளத்தைக் கட்டிடுவாளோன்னுதான் வயிறு எரியுது.

என்ன வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம்னு விரிவா எழுதணும்னு நினைச்சேன். கன்னம் எரியுது, அதனால அவசரமா சிலது மட்டும்.

சதவீதம் போடாத டீ ட்ரீ பொருளை வாங்காதீங்க. சுத்தமான எண்ணெயை அப்படியே முகத்துல தேய்க்காதீங்க. சில நாள்லயே மாயமா சரியாக்குற "மூலிகை" க்ரீமைத்தான் அதிகமா சந்தேகப்படணும். நிஜ மருந்துகளுக்கே 8 முதல் 12 வாரம் ஆகும். அப்படிப்பட்ட க்ரீமை ரொம்ப நாளா போட்டுட்டிருந்தா திடீர்னு நீங்களா நிறுத்தாதீங்க, டப்பாவோட மருத்துவரைப் பாருங்க. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் ரெண்டுக்கும் இந்த கிட்டை விட எவ்வளவோ வலுவான சான்று இருக்கு. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தோட 2024 வழிகாட்டுதல்லயும் இதைத்தான் உறுதியா பரிந்துரைக்கிறாங்க (கர்ப்பமா இருக்கிறவங்க அடாபலீன் வேண்டாம், மருத்துவரைக் கேளுங்க). இயற்கையில கிடைக்கிறதுதான் வேணும்னா, கோதுமை, பார்லியில இருக்கிற அசெலாயிக் அமிலம் இருக்கு. அளவு எழுதின ட்யூப்ல, ஒழுங்கான மருந்தாவே கிடைக்குது.

ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா ரசீது, சாட், லேபிள் எல்லாத்தையும் இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. இன்னைக்கு மதியத்துல இருந்து என் கணக்கை முடக்கிட்டாங்க, பழைய சாட் எதையும் திறக்க முடியல.