ரிவஸ்டன் மலைக்கு நாள் பார்த்தல்: விண்டி செயலி பற்றி ஒரு மதிப்பீடு

எங்கள் மாங்குளத்துப் பக்கத்தில் வானிலைக் கணிப்பைக் காட்டும் விண்டி செயலி பலருடைய தொலைபேசிக்குள் வந்து சேர்ந்தது 2020 டிசெம்பரில்தான். அம்மாதம் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய வேளையில், வீட்டுக்கு ஒருவராவது திரையில் காற்றைக் காட்டும் அந்த வெள்ளைக் கோடுகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். புயல் கடந்து போயிற்று, செயலி தங்கிவிட்டது. காலபோக அறுவடை முடிந்ததும் வீதியோரத்தில் நெல்லைக் காயவிடுவதா, படங்கால் மூடுவதா என்பதை நான் அதைப் பார்த்தே முடிவு செய்கிறேன். அந்த வேலைக்கு அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நெல் காயப்போடப் பார்க்கும் அதே பார்வையோடு மலையேறவும் நாள் குறித்தேன். அதில் நேர்ந்த பிழை முழுவதும் என்னுடையது.

நாங்கள் தெரிவு செய்தது நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பகுதியில், மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர செல்லும் வீதியை ஒட்டி நிற்கும் ரிவஸ்டன். உயரம் 1,400 மீற்றருக்குச் சற்று மேல். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. வார நாள்களில் ஆள்நடமாட்டம் குறைவு. ஏற்றப் பாதையும் குறுகியது. எனவே கோபுரம் வரை ஏறி இறங்கி, அப்பால் பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் நடந்து பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் நிறைவாகக் கழியும். மாங்குளத்திலிருந்து நள்ளிரவு ஒரு மணிக்கு வான் வண்டி புறப்பட்டால் ஏ9 வீதியில் வவுனியா, தம்புள்ளை கடந்து, விடியும் வேளையில் மலையடிவாரத்தை அடையலாம். இவ்வளவு தூரம் போய் முகிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது யாருக்கும் உவப்பான காரியம் அன்று. நாங்கள் முதல் முறை அதைத்தான் செய்தோம்.

அது ஜூலை மாதம். வன்னியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள் எங்களுக்கு வறண்ட மாதங்கள். குளம் வற்றும், புழுதி பறக்கும், மழைக்கான பேச்சே இருக்காது. செயலியில் ரிவஸ்டன் இருக்கும் இடத்தைத் தொட்டு, வரைபடத்தின் மேல் மழையை மட்டும் விரித்துக் காட்டும் மழை அடுக்கைப் பார்த்தேன். அன்றைய நாள் முழுவதும் சுழியம். காற்றும் நிலமட்டத்தில் பெரிதாகத் தெரியவில்லை. போதும் என்று மச்சானையும் மருமகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வீதி வளைவைத் தாண்டியதும் வண்டியின் கதவைத் திறக்கவே தோள் கொடுக்க வேண்டியிருந்தது. முகில், மேற்குப் பக்கத்திலிருந்து மலைமுதுகைத் தாண்டிப் புகைபோல வழிந்துகொண்டிருந்தது. மழை என்று சொல்ல முடியாத ஈரம் புருவத்தில் கோத்து நின்றது. என் மழையங்கி முதல் அரை மணி நேரத்திலேயே கக்கத்தில் கிழிந்தது. கோபுரத்தின் அடியில் நின்றும் கோபுரத்தின் தலை தெரியவில்லை. "மாமா, மழை இல்லை எண்டு சொன்னீங்களே?" என்று சின்னவன் கேட்டான். செயலி சொன்னது உண்மைதான், மழை பெய்யவில்லை.

வீடு திரும்பிய பிறகுதான் விண்டியை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். திரையின் ஓரத்தில் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி இருக்கிறது. நிலமட்டம், 100 மீற்றர், 600 மீற்றர் என்று தொடங்கி விமானம் பறக்கும் உயரம் வரை அது செல்லும். சமதரையில் வாழ்பவருக்கு அதைத் தொடும் தேவையே வருவதில்லை. நானும் பல ஆண்டுகளாகத் தொட்டதில்லை. அதை 1,500 மீற்றரில் நிறுத்திப் பார்த்தபோது, நிலமட்டத்தில் மெல்லிய நீலமாகத் தெரிந்த அதே இடம் வேறு நிறம் கொண்டது. மணிக்கு 50 கிலோமீற்றருக்கும் மேலான தென்மேற்குக் காற்று அந்த உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதாகத் தாழ்முகில் அடுக்கு. மலையேறுபவருக்கு மழை அடுக்கைவிட இதுதான் முதன்மையானது என்பது என் முடிவு. நனைந்தாலும் நடக்கலாம், ஆனால் முகிலுக்குள் நின்றுகொண்டு எதையும் பார்க்க முடியாது. மூன்றாவதாக, இடிமுகில் வளரத் தேவையான ஆற்றல் வளியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேப் சுட்டெண். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடி முழங்குவது மலைநாட்டின் வழக்கம் என்பதால், உச்சியில் கோபுரத்தின் பக்கத்தில் நிற்கப்போகும் ஒருவர் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. வெப்பநிலையும் கவனத்துக்குரியது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரைப் பாகை அளவு குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, மாங்குளத்தில் 30 பாகை என்றால் அங்கே 21. காற்றும் சேர்ந்தால் உடம்பு அதையும்விடக் குறைவாகவே உணரும்.

அடுக்குகள் மிகுதியாக இருப்பது முதன்முதலாகத் திறப்பவருக்குத் தலைசுற்றலைத் தரும். 2014இல் இதைத் தொடங்கிய செக் நாட்டவர் ஈவோ லுக்காசோவிச், பட்டத்தின் இழுவையில் கடலில் சறுக்கும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர். காற்று எங்கே, எந்த உயரத்தில் என்று கேட்பவர்களுக்காகவே இது பிறந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொண்ட பிறகு செயலி எளிதாகிவிடுகிறது.

இரண்டாம் பயணத்தை மார்ச் முதல் வாரத்துக்கு வைத்தோம். ஒரு கிழமைக்கு முன்பே பார்க்கத் தொடங்கினேன் என்றாலும், நான்கு நாள்களுக்கு அப்பால் காட்டுவதை ஒரு போக்காக மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஒரே இடத்துக்கு வெவ்வேறு கணிப்பு மாதிரிகள், அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி முறைகள், என்ன சொல்கின்றன என்று அருகருகே காட்டும் ஒப்பீட்டு வசதி இந்த இடத்தில்தான் உதவியது. செவ்வாய்க்கிழமைக்கு ஐரோப்பிய மாதிரி ஒன்றும் அமெரிக்க மாதிரி வேறொன்றும் சொன்னதால் அந்நாளை விட்டேன். வியாழனுக்கு இரண்டும் ஒத்துப்போயின. காலையில் தாழ்முகில் குறைவு, 1,500 மீற்றரில் இளங்காற்று, பிற்பகலில் கேப் ஏறுகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கையும் மத்திய மாகாணத்தில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை என்றே கூறியது. பதினொரு மணிக்கு உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று வண்டியிலேயே அறிவித்தேன். ஏழரைக்கு மேலே நின்றோம். கிழக்கே மலைமுதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பலும் நீலமுமாக அடுக்கியிருந்தன. சின்னவன் கோபுரத்தின் தலையைப் பார்த்துக் கைதட்டினான். பிற்பகல் இரண்டரைக்கு ரத்தோட்டையில் சோறு உண்டுகொண்டிருந்தபோது முதல் இடி கேட்டது.

ஆனால் அந்த வெற்றியில் செயலிக்கு முழுப் பங்கும் இல்லை. அதிலுள்ள ஐரோப்பிய மாதிரி பூமியை 9 கிலோமீற்றர் அளவான கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. அமெரிக்க மாதிரியின் கட்டம் 22 கிலோமீற்றர். ஒன்பது கிலோமீற்றருக்குள் நக்கிள்ஸில் ஓர் உச்சியும் ஒரு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். மாதிரி அவற்றைச் சராசரியாக்கி ஒரு மேடாகவே காண்கிறது. நெல் காயும் எங்கள் தரையில் இது பொருட்டே இல்லை. மலையில் இதுவே எல்லாம். ஆகவே முதல் பயணத்தில் அறிமுகமான ரத்தோட்டைத் தேநீர்க் கடைக்காரருக்கு முதல் நாள் மாலையிலும் வழியில் அதிகாலையிலும் அழைப்பெடுத்தேன். "டவர் நல்லா தெரியுதுங்க, வாங்க" என்றார். எந்த அடுக்கிலும் கிடைக்காத தகவல் அது.

மண்சரிவு பற்றியும் இச்செயலியிடம் விடை தேடக் கூடாது. கடந்த சில நாள்களில் பெய்த மழையை மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பது வேறு கணக்கு. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக வெளியிடும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளையே பார்க்க வேண்டும். மாத்தளை மாவட்டத்துக்கு மஞ்சள் இருந்தால்கூட நான் வண்டியை வெளியே எடுக்க மாட்டேன். அடிவாரத்தில் என் தொலைபேசிக்கு இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைத்தது என்பதால், முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பார்த்த காற்று, தாழ்முகில், கேப் ஆகிய மூன்று திரைகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டதும் பயன்பட்டது.

இலவசப் பதிப்பு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கணிப்பைக் காட்டும். பணம் கட்டினால் ஒரு மணி நேர இடைவெளியில் கிடைக்கும். விடியலில் ஏறி முற்பகலில் இறங்கிவிடும் ஒரு நாள் பயணத்துக்கு இலவசப் பதிப்பே தாராளம் என்பேன். அந்தப் பணத்தை நான் மழையங்கிக்குக் கொடுத்தேன். இம்முறை கக்கத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பார்த்து.