அல்பினிசம் உள்ளவர்களுக்கு ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன்: எது சரி, எது சரியில்லை

எஸ்.பி.எஃப். 50+ ஜிங்க் ஆக்சைடு கிரீம் என்றாலே வரும் புகார், முகத்தில் வெள்ளையாகப் படிகிறது என்பதுதான். அல்பினிசத்தில், அதாவது தோல், முடி, கண்ணுக்கு நிறம் தரும் மெலனின் பிறவியிலேயே குறைந்திருக்கும் நிலையில், தோல் நன்றாக வெளுத்திருந்தால் அது பெரிதாகத் தெரியாது. கெட்டியாக இருப்பதிலும் ஒரு வசதி உண்டு. அல்பினிசத்தோடு பார்வைக் குறைவும், கண் தானாக ஆடுவதும் சேர்ந்தே வருவதால் கண்ணாடி பார்த்துப் பூசுவது சிரமம். கெட்டி கிரீம் என்றால் எங்கே பட்டது, எங்கே விட்டுப்போனது என்று விரலே சொல்லிவிடும். தண்ணீர் மாதிரி ஓடும் ஜெல்லில் இது நடக்காது. ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்: பாதி காற்றோடு போகும், மீதி திட்டுத் திட்டாக விழும்.

தோலைத் தாக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி, யுவிஏ என்று இரண்டு வகை. எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகக் காட்டுவது யுவிபி கதிருக்கு எதிரான பாதுகாப்பை. யுவிஏ ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். ஜிங்க் ஆக்சைடு இரண்டையும் தடுக்கிறது. டைட்டானியம் டைஆக்சைடு மட்டும் உள்ள கிரீம் நீண்ட அலை யுவிஏவில் பலவீனம். அதனால் லேபிளில் வட்டத்துக்குள் யுவிஏ என்றோ, யுவிஏ பாதுகாப்பின் தரத்தைக் காட்டும் பி.ஏ.++++ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வகையின் பெரிய குறை டியூபின் அளவுதான். ஆய்வகத்தில் எஸ்.பி.எஃப். அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. அந்தக் கணக்கில் முகம், காது, கழுத்துக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி.; ஒவ்வொரு கைக்கும் இன்னொரு 5 மி.லி. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்தால் அதற்கும் முன்பே. ஆக, 50 மி.லி. டியூப் மூன்று தடவைக்கு வந்தால் அதிகம். சிக்கனம் பார்த்து மெல்லிசாகத் தடவினால் 50 என்று போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. முழுக்கைச் சட்டை, சுற்றிலும் அகல விளிம்புள்ள தொப்பி முதலில். கிரீம் மிச்ச இடத்துக்கு. அப்போது அதே டியூப் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் பத்துத் தடவை வரும். 200 மி.லி. பம்ப் பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் தொடங்கினால் காது மடல், பிடரி, தலைமுடி வகிடு மறந்துபோகும். முதலில் அவற்றை முடித்துவிடுங்கள். கீழுதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம் தனியாக வேண்டும். அல்பினிசத்தில் தோல் புற்றுநோய் அதிகம் வருவது தலையிலும் கழுத்திலும்தான்.

காலாவதித் தேதியை எறும்பு சைஸில் அச்சடிக்கிறார்கள். பார்வை குறைந்தவர்களே அதிகம் நம்பியிருக்கும் பொருளில் இது மன்னிக்க முடியாத அலட்சியம். பிறரிடம் படிக்கச் சொல்லி, தடித்த மார்க்கரால் பெரிதாக எழுதி வையுங்கள். சூடான காருக்குள் கிடந்த டியூபை அழுத்தினால் முதலில் எண்ணெயாக ஒழுகும். கலவை பிரிந்துவிட்டது, குலுக்கினாலும் சேராது, தூக்கிப் போடுங்கள்.

ஜிங்க் லேசில் கழுவிப் போகாது. நாரால் தேய்க்காமல், கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவைத்து மென்மையான சோப்பால் கழுவுங்கள். கழுவும்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான திட்டு கையில் தட்டுப்பட்டாலோ, நான்கு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலோ அதன்மேல் கிரீம் பூசி நாள் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுப்பு மச்சத்தை மட்டும் தேடாதீர்கள். அல்பினிசத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இளஞ்சிவப்புக் கட்டியாகவும் வரும்.