ஆறு ஆஃபீஸையும் ஒரே நெட்வொர்க்ல கட்டின எம்பிஎல்எஸ் விபிஎன்: காசுக்கு வொர்த்தா?

வொர்த்துதான், ஆனா எல்லா பிராஞ்சுக்கும் இல்ல. எம்பிஎல்எஸ் விபிஎன்னா, ஒரு டெலிகாம் கம்பெனி இன்டர்நெட் வழியா போகாம தன்னோட நெட்வொர்க்குக்குள்ளயே நம்ம ஆஃபீஸ்களை மட்டும் தனியா இணைச்சுக் குடுக்கற சர்வீஸ். கம்பெனி பேரு இங்க வேண்டாம், ஏன்னா நான் சொல்லப்போற நல்லது கெட்டது ரெண்டுமே இந்த சர்வீஸ் யார்கிட்ட வாங்கினாலும் கிட்டத்தட்ட பொருந்தும்.

நாங்க ஆட்டோ ஸ்பேர்ஸ் டிஸ்ட்ரிபியூஷன். ஹெட் ஆஃபீஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, குடோன் மாதவரம், அம்பத்தூர்ல ஒரு கவுன்டர், அப்புறம் ஓசூர், கோயம்புத்தூர், மதுரை. முன்னாடி ஒவ்வொரு ஊர்லயும் கிடைச்ச பிராட்பேண்டை வாங்கி, நாங்களே ரவுட்டர் வச்சு இன்டர்நெட் மேல டனல் (ரெண்டு ஆஃபீஸுக்கு நடுவுல பூட்டு போட்ட தனி வழி) போட்டு ஓட்டிட்டு இருந்தோம். ஆறு இடத்தையும் ஒண்ணோட ஒண்ணு நேரா கோக்கணும்னா 15 டனல் வேணும், அதை யாரு மெயின்டெயின் பண்றது, அதனால எல்லாமே ஹெட் ஆஃபீஸ் வழியாதான் போகும். இங்க லைன் போச்சுன்னா மதுரைக்காரன் ஓசூர் ஸ்டாக்கைக் கூட பாக்க முடியாது. இதுல தெரு கேபிள்காரர் குடுக்கற லைன்ல தனி பப்ளிக் ஐபி (வெளியில இருந்து நம்ம ரவுட்டரை நேரா புடிக்கற இன்டர்நெட் அட்ரஸ்) கிடையாது, ஒரே ஐபிக்குப் பின்னாடி நூறு வீடு இருக்கும், ரெண்டு பக்கமும் இப்படி இருந்தா டனலை நேரா நிறுத்தறதே பெரிய பாடு.

இப்போ ஒவ்வொரு ஆஃபீஸ்லயும் இந்த சர்வீஸ் குடுக்கற கம்பெனிக்காரங்களே லைன் இழுத்து அவங்க ரவுட்டரை வச்சுட்டாங்க. நம்ம பிராஞ்ச் அவங்க எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற ரவுட்டர்கிட்ட மட்டும் பேசினா போதும், மிச்ச அஞ்சு இடத்துக்கு எப்படிப் போகணும்ங்கறது அவங்க தலைவலி. உள்ளுக்குள்ள ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டுக்கும் ஒரு லேபிள் ஒட்டிடுவாங்க, சார்ட்டிங் ஆஃபீஸ்ல முழு அட்ரஸையும் படிக்காம பின்கோடை மட்டும் பாத்து பையில தூக்கிப் போடற மாதிரி. ஒவ்வொரு கஸ்டமருக்கும் ரவுட்டிங் டேபிள் (எந்த அட்ரஸுக்கு எந்த வழின்னு சொல்ற லிஸ்ட்) தனியா இருக்கறதால, ஆஃபீஸுக்குள்ள நாங்க வச்சிருக்கற 10ல ஆரம்பிக்கற ஐபி அட்ரஸை ஒண்ணு கூட மாத்த வேண்டி வரல, அதே நம்பரை வேற கம்பெனி வச்சிருந்தாலும் மோதாது. நாளைக்கே திருச்சில பிராஞ்ச் போட்டா ஒரு லைன் சேர்த்தா போதும், பழைய ஆறு இடத்துல எதையும் தொட வேணாம்.

எங்க முதலாளி கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல 200 எம்பி ஆயிரம் ரூபாய்க்குள்ள வருது, இவன் 10 எம்பிக்கு இவ்ளோ கேக்கறானே?"ன்னுதான். நியாயமான கேள்வி. ஆனா வீட்டு லைன் பல பேர் பங்கு போட்டுக்கறது, இது நமக்குன்னு ஒதுக்கினது. சென்னை மதுரை தூரத்தை ஃபைபர்ல கடக்க ஒளிக்கு ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு மில்லி செகண்டுதான் ஆகும். வாய்ஸ் காலுக்கு 150 மில்லி செகண்ட் வரைக்கும் தாங்கும்னு கணக்கு. அப்புறம் ஏன் சாயங்காலம் ஆனா கால் கட் கட்டா வருதுன்னா, தூரம் காரணமே இல்ல, வழியில க்யூல நிக்கறதுதான். இதுல வாய்ஸுக்குத் தனி க்யூ குடுக்கறாங்க, எங்க பிராஞ்ச் போன் எல்லாம் இப்போ பக்கத்து ரூம்ல பேசற மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு, ஐபி போன்ல வாய்ஸ் மார்க்கிங் (இது பேச்சு பாக்கெட்னு குறி போடற செட்டிங்) ஆன் ஆகி இருக்கணும், இல்லன்னா காசு குடுத்து வாங்கின தனி க்யூ காலியாவே கிடக்கும். சேல்ஸ் ஆளுங்க இதை வாயத் திறந்து சொல்லமாட்டாங்க.

அவங்க சொல்லாத இன்னொண்ணு, பிரைவேட் நெட்வொர்க்னா டேட்டா என்கிரிப்ட் ஆகுதுன்னு (வேற யாரும் படிக்க முடியாதபடி மாத்தறாங்கன்னு) அர்த்தம் இல்ல. மத்த கஸ்டமர்கிட்ட இருந்து பிரிச்சு வைப்பாங்க, அவ்ளோதான். பேங்க் மாதிரி ஆளுங்கன்னா இதுக்கு மேலயும் டனல் போட்டுக்கணும்.

சப்போர்ட் எனக்குப் பிடிச்சது. முன்னாடி ஓசூர் ஐஎஸ்பி சென்னை ஐஎஸ்பியைக் கை காட்டுவான், அவன் நம்ம ரவுட்டரைக் கை காட்டுவான். இப்போ ஒரே டிக்கெட் நம்பர், லைன் டவுன்னா சில சமயம் நமக்கு முன்னாடி அவங்களே போன் பண்றாங்க. அதே சமயம் ரவுட்டர் அவங்களோடது, சின்னதா ஒரு ரூட் சேக்கணும்னாலும் மெயில், அப்ரூவல்னு இழுக்கும், நாமளே பத்து நிமிஷத்துல பண்ணின காலம் போச்சு.

பெரிய குறை கடைசி மைல், அதாவது அவங்க எக்ஸ்சேஞ்ச்ல இருந்து நம்ம ஆஃபீஸ் வரைக்கும் வர்ற லைன். அவங்க கோர் நெட்வொர்க் ஒரு தடவை கூட படுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா மாதவரத்துல ரோட்டைத் தோண்டினா ஃபைபர் போச்சு. எஸ்எல்ஏ (லைன் எவ்ளோ நேரம் ஓடும்னு கான்ட்ராக்ட்ல குடுக்கற வாக்கு) 99.5 சதவீதம்னு பெருமையா போடுவாங்க, கணக்குப் போட்டா மாசத்துக்கு மூணரை மணி நேரத்துக்கு மேல டவுன் ஆனாலும் அவங்க சொன்ன வாக்குக்குள்ளதான். 99.9னா 43 நிமிஷம். தாண்டினாலும் பில்லுல கொஞ்சம் கழிப்பாங்க, லாரி நின்ன நஷ்டத்தை எவனும் தரமாட்டான். பேக்கப் லைன் கேட்டா ரெண்டையும் ஒரே குழில போட்டுக் குடுத்துடுவாங்க, ஒரே ஜேசிபி ரெண்டையும் சேத்து அள்ளிடும், அதனால ஒண்ணு ஃபைபர், இன்னொண்ணு மொட்டை மாடில ரேடியோன்னு கேட்டு வாங்குங்க. டிசம்பர் மழைக்கு பில்டிங்ல கரண்ட் போனா ரெண்டும் சேந்துதான் போகும், அதுக்கு யுபிஎஸ் நம்ம செலவு.

பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி, இன்புட் கிரெடிட் எடுத்துக்கலாம். வருஷ கான்ட்ராக்ட்ல பாதில விட்டா என்ன கட்டணும்ங்கறதை சைன் பண்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.

உங்க சாஃப்ட்வேர் எல்லாமே கிளவுட்ல ஓடுதுன்னா இது தேவையே இல்ல, நல்ல பிராட்பேண்ட் ரெண்டு போட்டு எஸ்டி-வேன் பாக்ஸ் (ரெண்டு லைனையும் பாத்து எது நல்லா இருக்கோ அதுல அனுப்பற பெட்டி) வைங்க. எங்களுக்கு பில்லிங் சர்வர், போன் எக்ஸ்சேஞ்ச் ரெண்டுமே ஹெட் ஆஃபீஸ்ல இருக்கறதாலதான் இது செட் ஆச்சு. அதுலயும் ஸ்டாஃப் யூட்யூப் பாக்கறது இந்த லைன்ல போகாம ஒவ்வொரு ஊர்லயும் சீப்பா ஒரு பிராட்பேண்ட் தனியா விட்டிருக்கோம். ரென்யூவல் வரும்போது மாதவரத்துக்கு ரேடியோ சேக்கறோம், அம்பத்தூர் கவுன்டரை இதுல இருந்து எடுத்துடறோம், ரெண்டு பேர் உக்காந்து பில் போடற இடத்துக்கு பழைய டனலே போதும்.